வழுவும் வழுவமைதியும்: கையேடு சொன்னபடி கட்டளை நடக்க வேண்டுமா?

எங்கள் மயிலத்தில் இரண்டுக்குப் பஞ்சமில்லை. ஒன்று முருகன் பக்தி, இன்னொன்று தமிழ் இலக்கணம். மலைமேல் முருகன் கோயில் இருக்கிறது. ஊரில் பொம்மபுர ஆதீனத்தின் தமிழ்க் கல்லூரி இருக்கிறது. அங்கே படித்துவிட்டுத் தமிழாசிரியர் ஆனவர்கள் எங்கள் வட்டாரத்தில் ஏராளம். கூட்டேரிப்பட்டில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில்கூட யாராவது ஒருவர் ஒற்று மிகுமா மிகாதா என்று பேசிக்கொண்டிருப்பார். இந்த ஊரில் வாழ்ந்துகொண்டு, பிழைப்புக்காகக் கம்ப்யூட்டர் பக்கம் போனவன் நான். அதனால் என் மண்டைக்குள் நன்னூலும் யூனிக்ஸும் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் போலக் குடியிருக்கின்றன. சில சமயம் ஒருவர் கேட்ட கேள்விக்கு மற்றவர் பதில் சொல்லிவிடுவார்.

அப்படி ஒரு கேள்வியைத்தான் இன்றைக்கு எடுத்துக்கொள்கிறேன். ஒரு மென்பொருள் கட்டளை இருக்கிறது. அது என்ன செய்யும் என்று சொல்லும் கையேடும் இருக்கிறது. கையேடு ஒன்று சொல்கிறது, கட்டளை வேறொன்று செய்கிறது. எதைத் திருத்துவது? கட்டளையையா, கையேட்டையா?

'இதில் என்ன சந்தேகம், சொன்னபடி செய்யாத கட்டளையைத்தான் திருத்த வேண்டும்' என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் ஐம்பது வருஷத்துக் கம்ப்யூட்டர் சரித்திரத்தையும், அதைவிடப் பல மடங்கு நீளமான தமிழ் எழுத்தின் சரித்திரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பதில் அவ்வளவு சுலபமாக இல்லை.

வழு என்ற சொல்

ஆங்கிலத்தில் 'பக்' என்று சொல்கிறார்களே, அதற்குத் தமிழ்க் கணினி அன்பர்கள் 'வழு' என்று பெயர் வைத்தார்கள். அருமையான தேர்வு. இந்தச் சொல் இலக்கணத்தில் தனியாக வருவதில்லை. வழாநிலை, வழு, வழுவமைதி என்று மூன்று பேராகத்தான் வரும்.

விதிப்படி பேசினால் வழாநிலை. விதி தப்பினால் வழு. விதி தப்பியிருந்தாலும், ஒரு காரணத்துக்காகப் பரவாயில்லை என்று இலக்கணமே ஏற்றுக்கொண்டால் அது வழுவமைதி. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்று ஏழு இடங்களில் வழு வரும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள்.

பசு மாட்டைப் பார்த்து, 'என் அம்மா வந்துவிட்டாள்' என்று ஒருவர் சொன்னால் அது திணை வழு. ஆனால் அன்பினால் சொன்னது என்பதால் திணை வழுவமைதி. சாப்பிட்டுக்கொண்டே இருப்பவர், வாசலில் நிற்கும் நண்பரிடம் 'இதோ வந்துவிட்டேன்' என்கிறார். அவர் இன்னும் இலையை விட்டே எழுந்திருக்கவில்லை. எதிர்காலத்தை இறந்தகாலமாகச் சொல்கிறார். விரைவு காரணமாகச் சொன்னதால் அது கால வழுவமைதி.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எந்தத் தப்பையும் வழுவமைதி என்று சொல்லித் தப்பிக்க முடியாது. காரணத்தைப் பெயர் சொல்லிக் காட்ட வேண்டும். மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு, கோபம், இழிவு, விரைவு, மிகுதி, தெளிவு என்று நன்னூலார் காரணங்களைப் பட்டியல் போட்டே வைத்திருக்கிறார். பட்டியலில் காரணம் இல்லையென்றால் அது வெறும் வழுதான். 'நாளைக்கு வந்தான்' என்று காரணமில்லாமல் எழுதும் மாணவனுக்கு மதிப்பெண் கிடையாது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் பக்கம் போவோம்.

கையேட்டிலேயே ஒரு 'வழுக்கள்' பகுதி

அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸை உருவாக்கினார்கள். அதன் முதல் கையேடு 1971 நவம்பர் 3 என்ற தேதியோடு வெளிவந்தது. ஒவ்வொரு கட்டளைக்கும் பெயர், பயன்படுத்தும் முறை, விளக்கம், தொடர்புடைய கோப்புகள் என்று வரிசையாகத் தலைப்புகள் இருந்தன. அந்தத் தலைப்புகளில் ஒன்று 'வழுக்கள்'.

ஒரு பொருளைச் செய்தவர்களே, அதன் குறை இன்னது என்று அதே பக்கத்தில் அச்சடித்துக் கொடுத்தார்கள். மிக்ஸியோடு வரும் காகிதத்தில் 'இந்த மிக்ஸி இஞ்சியைச் சரியாக அரைக்காது' என்று கம்பெனிக்காரரே எழுதியது போல. அந்தக் கையேடுகளைப் பொறுப்பாகப் பார்த்துக்கொண்டவர் டக் மெக்கில்ராய். கையேடு எழுத உட்காரும்போது, 'இதை எப்படி வெளியே சொல்வது' என்று கூச்சப்பட்டு, நிரலையே திருத்திய சம்பவங்கள் உண்டு என்று அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். விளக்கத்தை எழுதியதால் விளக்கப்பட்ட பொருள் ஒழுங்கானது. கையேட்டுக்கு இருந்த மரியாதை அப்படி.

எல்லாக் கதையும் இப்படி முடியவில்லை. 1976-இல் அதே ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 'மேக்' என்ற கருவியை எழுதினார். பெரிய நிரல்களைத் துண்டு துண்டாகத் தொகுத்துக் கட்டும் கருவி அது. அதில் சில வரிகள் 'டேப்' என்ற குறியோடுதான் தொடங்க வேண்டும், வெற்றிடம் போட்டால் ஏற்காது. திரையில் டேப்பும் வெற்றிடமும் ஒரே மாதிரிதான் தெரியும். இது தொல்லை என்று அவருக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. ஆனால் அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் அதைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். அவர்களுக்குத் தொந்தரவு தரக்கூடாது என்று அப்படியே விட்டுவிட்டார். அந்தப் பன்னிரண்டு பேருக்காக விட்டதை உலகம் முழுக்க லட்சக்கணக்கானவர்கள் இன்று வரை அனுபவிக்கிறார்கள். அந்தக் கருவிக்காக 2003-இல் அவருக்குப் பெரிய விருதும் கிடைத்தது என்பது வேறு விஷயம்.

இன்னொன்று வேடிக்கையானது. நாம் ஓர் இணையப் பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது, எங்கிருந்து வருகிறோம் என்ற தகவலை உலாவி சொல்லும். அந்தத் தகவலுக்கு 'ரெஃபரர்' என்று பெயர். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு நடுவில் இரண்டு 'ஆர்' வர வேண்டும். விதிமுறையை எழுதியபோது ஓர் 'ஆர்' விழுந்துவிட்டது. 1996-இல் வெளியான ஆவணத்திலும் அந்தப் பிழையோடுதான் வந்தது. அதற்குள் உலாவிகளும் சர்வர்களும் பிழையான எழுத்துக்கூட்டலிலேயே பேசிப் பழகிவிட்டன. இப்போது சரியாக எழுதினால்தான் வேலை செய்யாது. தஞ்சாவூர் தஞ்சை ஆனது போல, இதையும் மரூஉ என்று ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

சட்டம் ஒரு பக்கம், சௌகரியம் ஒரு பக்கம்

யூனிக்ஸ் பல நிறுவனங்களிடம் போய்ப் பல மாதிரி வளர்ந்ததால், எல்லோருக்கும் பொதுவாக ஒரு விதிநூல் வேண்டும் என்று 1988-இல் 'போசிக்ஸ்' தரம் வந்தது. இந்தப் பெயரைச் சொன்னவர் ரிச்சர்ட் ஸ்டால்மன். கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் தலைமகன்.

வட்டில் எவ்வளவு இடம் மிச்சம் என்று காட்டும் 'டிஎஃப்', ஒரு கோப்புறை எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று காட்டும் 'டியூ' ஆகிய இரு கட்டளைகளும் 512 பைட்டை ஓர் அலகாகக் கொண்டு கணக்குச் சொல்ல வேண்டும் என்றது போசிக்ஸ். பழைய யூனிக்ஸ் வட்டுகளின் அளவையிலிருந்து வந்த எண் அது. ஸ்டால்மனின் க்னூ குழுவினரோ, '512-ஐ வைத்துக்கொண்டு மனிதன் எப்படிக் கணக்குப் போடுவான், 1024தான் வசதி' என்றார்கள். பெயர் வைத்தவரே விதியை மீறினார்!

ஆனால் அவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். தரப்படிதான் வேண்டும் என்பவர்களுக்காக ஒரு சூழல் மாறியை வைத்தார்கள். அதற்கு முதலில் கொஞ்சம் கேலியான பெயர் இருந்தது. பிறகு 'போசிக்ஸ்லி கரெக்ட்' என்று மரியாதையாக மாற்றினார்கள். அதை நிறுவினால் கட்டளை விதிநூல் சொன்ன 512-இல் கணக்குச் சொல்லும், இல்லையென்றால் 1024-இல் சொல்லும். இரண்டும் கையேட்டில் எழுதியிருக்கிறது. விதியை மீறினார்கள், ஆனால் மறைவாக மீறவில்லை. காரணம் சொல்லி மீறினார்கள். இது வழுவமைதி.

2010-இல் நடந்த சண்டை

இந்தக் கேள்வி உண்மையிலேயே சூடு பிடித்தது 2010-ஆம் வருஷக் கடைசியில். ஃபெடோரா 14 என்ற லினக்ஸ் பதிப்பு வெளியானது. அதில் ஃப்ளாஷ் வழியாகப் பாட்டு, வீடியோ கேட்டவர்களுக்கு ஒலி கரகரவென்று சிதறியது. முந்தைய பதிப்பில் நன்றாக ஓடியது.

தேடிப்போனபோது காரணம் 'மெம்காப்பி' என்ற சின்னச் செயல்கூறு என்று தெரிந்தது. நினைவகத்தில் ஓரிடத்தில் இருப்பதை இன்னோர் இடத்துக்கு நகலெடுப்பது அதன் வேலை. இரண்டு இடங்களும் ஒன்றின்மேல் ஒன்று படக்கூடாது, அப்படிப் படுமானால் 'மெம்மூவ்' என்ற வேறொன்றைப் பயன்படுத்த வேண்டும் என்று கையேடு தெளிவாகச் சொல்கிறது. ஃப்ளாஷை எழுதியவர்கள் அந்த விதியை மீறியிருந்தார்கள். பழைய மெம்காப்பி முன்னிருந்து பின்னாக நகலெடுத்ததால் மீறல் வெளியே தெரியவில்லை. புதிய செயலிகளில் வேகம் வேண்டுமென்று, சில நேரங்களில் பின்னிருந்து முன்னாக நகலெடுக்கும்படி மாற்றினார்கள். குட்டு வெளிப்பட்டது.

ஒரு தரப்பு சொன்னது: 'எங்கள் கட்டளை கையேடு சொன்னபடிதான் நடக்கிறது. கையேட்டைப் படிக்காதவர் தப்புக்கு நாங்கள் ஏன் பொறுப்பு?' இன்னொரு தரப்பில் லினஸ் டோர்வால்ட்ஸே வாதாடினார். பாட்டுக் கேட்பவருக்குக் கையேட்டைப் பற்றி என்ன கவலை? நேற்று ஓடியது இன்று ஓடவில்லை, அதுதான் அவருக்குத் தெரியும் என்பது அவர் கட்சி.

இரண்டு பேரும் நியாயம் பேசினார்கள் என்பதுதான் இதில் சங்கடம். கடைசியில் நூலகத்தை எழுதியவர்கள் 2011-இல் ஒரு வழி கண்டார்கள். பழைய நிரல்கள் கேட்டால் பழைய மாதிரி பத்திரமாக நகலெடுக்கும், புதிதாகத் தொகுக்கப்படும் நிரல்களுக்கு மட்டும் புதிய வேகமான முறை. பழைய வழக்குக்குப் பழைய விதி, புதிய வழக்குக்குப் புதிய விதி. பழையது உதிர்வதும் புதியது நுழைவதும் காலத்தால் வருவது, குற்றமாகாது என்று சொன்ன நன்னூலார் இதைப் பார்த்திருந்தால் தலையசைத்திருப்பார் என்று நினைக்கிறேன்.

மயிலத்தில் எத்தனை எழுத்து?

இனி நம் வீட்டுக் கதைக்கு வருவோம்.

'டபிள்யூசி' என்று ஒரு கட்டளை. வரி, சொல், எழுத்து ஆகியவற்றை எண்ணிச் சொல்லும். 'மயிலம்' என்று எழுதி அதனிடம் எழுத்துகளை எண்ணச் சொன்னால் 6 என்கிறது. எங்கள் ஊர்ப் பெயரை ஒன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுத்தால் ம, யி, ல, ம் என்று விரலை மடக்கி 4 என்று சொல்லும். கணினிக்கு இகரக் கொக்கியும் மகரத்தின் மேல் உள்ள புள்ளியும் தனித்தனி உருப்படி. பைட்டாக எண்ணச் சொன்னாலோ 18 என்கிறது.

எழுத்தை எண்ணுவேன் என்று கையேடு சொல்கிறது. கட்டளை அதன்படிதான் நடக்கிறதா? எழுத்து என்றால் எது என்பதைப் பொறுத்தது. தொல்காப்பியர் முதல் வேலையாக எழுத்து என்றால் எவை, எத்தனை என்று வரையறை செய்துவிட்டுத்தான் மேலே போகிறார். முதலெழுத்து முப்பது, அவற்றைச் சார்ந்து வருபவை மூன்று என்று கணக்குச் சொல்கிறார். கையேடு எழுதுபவர்கள் பலர் இந்த முதல் படியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

விகடகவி என்ற சொல்லைத் திருப்பிப் படித்தாலும் விகடகவிதான் என்று நமக்குத் தெரியும். பைத்தான் மொழியில் அந்தச் சொல்லைத் திருப்பிப் போடச் சொன்னால், இகரக் கொக்கி தனியாகக் கழன்று முன்னால் வந்து நிற்கும். பின்னால் ஏதோ புரியாத சொல் வரும். மாலைமாற்றே பாடி வைத்த மொழிக்கு இந்தக் கதி.

அடுத்தது 'சார்ட்'. வரிகளை அகர வரிசையில் அடுக்கும் கட்டளை. பலா, பழம், பறவை, பனை என்ற நான்கு சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். நம் நெடுங்கணக்கின்படி இதே வரிசைதான் சரி. ல, ழ, ற, ன என்று வருகிறது அல்லவா? கணினிக் குறியெண்படி அடுக்கச் சொன்னால் பனை, பறவை, பலா, பழம் என்று வரும். நம் வரிசையில் கடைசியில் நிற்கும் பனை, அங்கே முதலில் போய் உட்கார்ந்துவிடும்.

ஏன் இப்படி? 1991-இல் வந்த யூனிகோட், இந்திய மொழிகளுக்கு ஏற்கனவே இருந்த 'இஸ்கி' அட்டவணையைப் பின்பற்றியது. தேவநாகரி எழுத்துகளுக்கு அமைத்த வரிசையில் மற்ற மொழிகளையும் பொருத்தினார்கள். அதனால் நகரத்தை ஒட்டி னகரம், ரகரத்தை ஒட்டி றகரம் என்று அடுத்தடுத்து வைத்துவிட்டார்கள். மொழிக்கேற்ற வரிசையைத் தனியாக அமைத்துக்கொள்ள வழி உண்டு, அதை அமைத்தால் சார்ட் ஒழுங்காகவே அடுக்கும். ஆனால் அந்தக் கட்டளையின் கையேடு, குறியெண்படி அடுக்கும் வரிசையைத்தான் 'மரபான வரிசை' என்று குறிப்பிடுகிறது. யாருடைய மரபு என்று நாம் கேட்கலாம்.

இது ஏட்டுச் சுரைக்காய் விவகாரம் இல்லை. ஓர் அலுவலகத்தில் நான் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். பணம் பெற வேண்டியவர்களின் பெயர்ப் பட்டியல் தமிழில் அச்சாகி வந்திருந்தது, பல பக்கங்கள். பன்னீர்செல்வம் என்பது போன்ற ஒரு பெயருடைய பெரியவர் வந்து நின்றார். எழுத்தர் பகர வரிசையின் கடைசியில் விரலை வைத்துத் தேடினார். இல்லை. 'உங்க பேரு லிஸ்ட்ல வரலீங்க ஐயா, அடுத்த மாசம் வந்து பாருங்க' என்றார். பெரியவர் ஒன்றும் பேசாமல் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பெயர் பட்டியலில் இருந்தது. 'பர' என்று தொடங்கும் பெயர்களுக்கும் முன்னால் இருந்தது. மதியம் வேறொரு பெயரைத் தேடும்போதுதான் அது எழுத்தர் கண்ணில் பட்டது. ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள்.

அந்த எழுத்தர் பிறகு செய்த காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. பட்டியலின் முதல் பக்கத்தில், பென்சிலால், 'ற, ன: முன்னால் பார்க்கவும்' என்று எழுதி வைத்தார். 1971 கையேட்டில் இருந்த 'வழுக்கள்' பகுதியைப் பற்றி அவர் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை. ஆனால் செய்தது அதே வேலை.

யூனிகோடில் இன்னொரு விசித்திரமும் உண்டு. நம் ஆய்த எழுத்துக்கு அங்கே அதிகாரபூர்வமான பெயர் 'தமிழ் விசர்க்கக் குறி'. வடமொழி விசர்க்கம் வேறு, நம் ஆய்தம் வேறு என்று இங்கே எந்தத் தமிழாசிரியரும் சொல்லிவிடுவார். அதற்குப் பக்கத்து இடத்தில் 'தமிழ் அனுஸ்வாரக் குறி' என்று ஒன்று இருக்கிறது. அதன் கீழேயே 'தமிழில் பயன்படுவதில்லை' என்று குறிப்பும் போட்டிருக்கிறார்கள்!

தப்பென்று தெரிந்தால் பெயரை மாற்றலாமே? மாற்ற முடியாது. 1996-இல் வந்த இரண்டாம் பதிப்பிலிருந்து, ஒருமுறை வைத்த பெயரை மாற்றுவதில்லை என்பது அவர்கள் விதி. அந்தப் பெயரை நம்பி எங்கோ ஒரு நிரல் ஓடிக்கொண்டிருக்கலாம் என்பது காரணம். 2005-இல் சேர்த்த ஓர் அடைப்புக்குறியின் பெயரில், 'பிராக்கெட்' என்ற ஆங்கிலச் சொல்லின் 'சி'யும் 'கே'யும் இடம் மாறி அச்சாகிவிட்டன. அதையும் திருத்தவில்லை. பிழையை அப்படியே வைத்து, சரியான பெயரை மாற்றுப் பெயராகப் பக்கத்தில் சேர்த்தார்கள். நம் ஆய்தத்துக்கும் பக்கத்தில் 'ஆய்தம்' என்று குறிப்பு இருக்கிறது. பெயர் தப்பாக இருந்தாலும் எழுத்து சரியாக வேலை செய்கிறது, பெயரை மாற்றினால் வேலை கெடலாம் என்பது அவர்கள் கணக்கு.

புள்ளி போன கதை

இப்படிக் கையேடும் நடப்பும் பிரிந்துபோவது நமக்குப் புதிதல்ல. எகரத்துக்கும் ஒகரத்துக்கும், குறில் என்று காட்டுவதற்காக மேலே புள்ளி வைக்க வேண்டும் என்பது தொல்காப்பியத்தின் விதி. நன்னூலும் அதை ஒப்புக்கொள்கிறது. ஆனால் ஓலையில் எழுத்தாணியால் எழுதியவர்கள் புள்ளியைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். குத்தினால் ஓலை கிழியும். விளைவு, படிப்பவர்தான் இடம் பார்த்து இது குறிலா நெடிலா என்று ஊகிக்க வேண்டும்.

நூல் ஒன்று சொல்கிறது, ஓலை வேறொன்று செய்கிறது. எதைத் திருத்தினார்கள்? இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவது வழி பிறந்தது. இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் 18-ஆம் நூற்றாண்டில் குறிலைச் சும்மா விட்டுவிட்டு, நெடிலுக்கு அடையாளம் கொடுத்தார் என்று சொல்வார்கள். இன்று நாம் எழுதும் ஏகாரக் காலும் ஓகாரச் சுழியும் அந்த வழியில் வந்தவை. விதியின் நோக்கம் குறிலையும் நெடிலையும் பிரித்துக் காட்டுவது. நோக்கத்தைக் காப்பாற்றி, வழியை மாற்றினார். புள்ளி வைத்துதான் எழுத வேண்டும் என்று இன்று யாரும் வழக்குப் போடுவதில்லை.

நம் இலக்கண ஆசிரியர்களிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. விதிகளையெல்லாம் சொல்லி முடித்த பிறகு புறனடை என்று ஒரு சூத்திரம் வைப்பார்கள். நான் சொன்னவற்றில் அடங்காத வழக்குகளும் இருக்கும், அவற்றையும் இவ்வழியே ஆராய்ந்து கொள்ளுங்கள் என்பது அதன் சாரம். தன் நூல் முழுமையானது இல்லை என்பதை நூலுக்குள்ளேயே சொல்லிவிடுகிற நேர்மை அது.

அதற்காக, விதிப்படி நிற்பது சின்ன விஷயம் என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் ஆதீனத்துச் சிவஞான பாலய சுவாமிகள் மீது தாலாட்டும் தூதும் பாடிய சிவப்பிரகாசர், திருச்செந்தூர் முருகன் மீது நிரோட்டக யமக அந்தாதி பாடியிருக்கிறார். நிரோட்டகம் என்றால் உதடு ஒட்டாமலும் குவியாமலும் பாடுவது. பெயரிலேயே வாக்குக் கொடுத்துவிட்டு, ப, ம, வ வராமல், உகரமும் ஒகரமும் தலைகாட்டாமல் முழு நூலையும் முடித்துக் காட்டினார். ஒரே ஓரிடத்தில் உதடு ஒட்டியிருந்தாலும் அந்த நூலுக்கு அந்தப் பெயர் பொருந்தாது. சில இடங்களில் சொன்னபடி நடப்பதுதான் பொருளே.

அமைதி கூடாத இடம்

கம்ப்யூட்டரில் அப்படிப்பட்ட ஓர் இடத்தைச் சொல்லி முடிவுக்கு வருகிறேன். 'எஃப்சிங்க்' என்று ஓர் அழைப்பு உண்டு. இந்தத் தகவலை வட்டில் பத்திரமாக எழுதிவிட்டுத்தான் திரும்பி வருவேன் என்பது அதன் வாக்கு. வங்கிக் கணக்கானாலும் ஆஸ்பத்திரிப் பதிவானாலும், தகவல்தளங்கள் இந்த வாக்கை நம்பித்தான் நிற்கின்றன.

2018-இல் போஸ்ட்கிரெஸ் தகவல்தளக்காரர்கள் ஒரு விஷயத்தைக் கண்டு திடுக்கிட்டார்கள். வட்டில் எழுதும்போது கோளாறு ஏற்பட்டால் லினக்ஸ் ஒருமுறை பிழை என்று சொல்லும். பிறகு அந்தத் தகவல் எழுதப்பட்டுவிட்டது போலவே குறித்துக்கொள்ளும். தகவல்தளம் மறுபடி முயன்றால் 'எல்லாம் சரி' என்று பதில் வரும். ஆனால் தகவல் வட்டுக்குப் போயிருக்காது. இருபது வருஷமாக, இன்னொரு முறை கேட்டால் இன்னொரு முறை எழுதும் என்று நம்பி இருந்தவர்கள் அவர்கள். கையேட்டில் இந்த நுணுக்கம் விளங்கும்படி இல்லை. 2019 பிப்ரவரியில் வந்த பதிப்புகளில், இந்தப் பிழை வந்தால் மறுபடி முயலாமல் உடனே நிறுத்திவிட்டு, தனியாக எழுதி வைத்திருக்கும் நாட்குறிப்பிலிருந்து கணக்கை மீட்கும்படி மாற்றினார்கள்.

வட்டின் அளவை 512-இல் சொன்னால் என்ன, 1024-இல் சொன்னால் என்ன, யாருக்கும் பணம் போகாது. 'எழுதிவிட்டேன்' என்று சொல்லிவிட்டு எழுதாமல் இருந்தால் போகும்.

ஆகவே என் கட்சி இதுதான். கட்டளையும் கையேடும் பிரிந்தால், கட்டளையைத் திருத்துவதுதான் பொது விதி. கையேடு என்பது பயன்படுத்துபவருக்குக் கொடுத்த வாக்கு. பலர் ஏற்கனவே பிழையான நடத்தையை நம்பி வேலையை அமைத்துக்கொண்டார்கள் என்றால் விட்டு வைக்கலாம், ஆனால் காரணத்தைப் பெயர் சொல்லிக் கையேட்டில் எழுத வேண்டும். முடிந்தால் ஸ்டால்மன் குழு செய்தது போல, விதிப்படி வேண்டுபவருக்கு ஒரு வழியும் வைக்க வேண்டும். பாதுகாப்பு, பணம், உயிர் சம்பந்தப்பட்ட வாக்கு என்றால் வழுவமைதியே கிடையாது.

கட்டளையையும் திருத்தாமல், கையேட்டையும் திருத்தாமல், பழகியவர்களுக்குத் தெரியும் என்று சும்மா இருப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. பழகியவர்களுக்குத் தெரியும். குடையோடு வந்து நிற்கும் பெரியவருக்கு எப்படித் தெரியும்?

பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ மென்பொருள் வேலையில் இருக்கும் நண்பர்கள், ஒரு விஷயத்தை அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அவர்கள் எழுதும் கையேட்டில் 'வழுக்கள்' என்று ஒரு பகுதி இருக்கிறதா, அதில் ஏதாவது எழுதியிருக்கிறார்களா என்று. காலியாக இருந்தால் இரண்டு காரணங்கள்தான் இருக்க முடியும், அதில் ஒன்று நிரலில் வழுவே இல்லை என்பது. அதை நம்புவதற்கு என் சர்வீஸ் அனுபவம் இடம் கொடுக்கவில்லை.

1978-இல் தமிழக அரசு ஆணை போட்டு னை, லை எழுத்துகளின் துதிக்கையை எடுத்ததைப் பற்றித் தனியாக எழுத வேண்டும் என்று ஆசை. விதிநூலையும் வழக்கையும் ஒரே நாளில் மாற்றிய கதை அது. அடுத்த கட்டுரையில் பார்ப்போம்.